சுவரில் ஒட்டிய புகார், பழத்தட்டோடு வந்த வங்கி

கடலூர் வட்டார அலுவலகத்தின் தலைமை மேலாளர் அவர்களே, நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நம் வங்கியின் வாடிக்கையாளர் கூட்டம் நடந்தது. "நம்ம வட்டாரத்துல இன்னைய தேதிக்கு நிலுவையில ஒரு புகார்கூட கெடையாது" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள். முதல் இரண்டு வரிசையும் கைதட்டியது. அந்த இரண்டு வரிசையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் உங்கள் கிளை மேலாளர்கள். வாடிக்கையாளர்கள் அதற்குப் பின்னால் விசிறிக்காற்று எட்டாத இடத்தில் இருந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். எழுந்து கேட்டேன்: "வந்த புகார் எத்தனை சார்? வாபஸ் வாங்க வச்சது எத்தனை? இதெல்லாம் எந்தச் செவுத்துல ஒட்டியிருக்கு, நாங்க படிக்க?" நீங்கள் சிரித்தீர்கள். "மேடம் நம்ம பென்ஷனர்தான், நம்ம குடும்பம்" என்றீர்கள். காபி ஆறிப்போகும் என்றீர்கள். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

பஸ் நிலையத்துக்கு நடக்கையில் கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி ஓடிவந்து என்னைப் பிடித்தாள். "மேடம், செவுத்துல ஒட்டுறதுன்னு சொன்னீங்களே, ஃபேஸ்புக்குலயா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பார்த்ததே இல்லை. நாங்கள் ஒட்டியிருக்கிறோம். அதே சிதம்பரம் கிளையில், ஹாலுக்கு நடுவில், டோக்கனோடு காத்திருக்கும் அத்தனை பேரும் படிக்கிற மாதிரி ஒட்டியிருக்கிறோம். "எழுதுங்க மேடம், எங்களுக்குத் தெரியணும்ல" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் ஆரம்ப வருடங்களில் சொல்ல ஒன்றும் இல்லை. எழுத்தராகச் சேர்ந்து, கடலூரில் டோக்கன் கொடுத்து, பாஸ்புக்கில் பதிந்து, காசோலை அனுப்பி, பரீட்சை எழுதி அதிகாரியானேன். திருப்பாதிரிப்புலியூரில் வீடு. காலையில் பஸ்ஸைப் பிடித்து சிதம்பரம், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி கடலூர். சிதம்பரம் கிளைக்கு வந்தபோது புகார்ப் பிரிவை என் தலையில் கட்டினார்கள். யாருக்கும் வேண்டாத வேலை அது. வாய் நீளமான பொம்பளைக்குத்தான் லாயக்கு என்று நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

அங்கே கிளை மேலாளர் தேவசகாயம் சார். அவரை மகான் என்று நினைத்துவிடாதீர்கள். மகா தொந்தரவு பிடித்த மனிதர். ஆளில்லாத இடத்தில் மின்விசிறி சுற்றினால் தானே எழுந்துபோய் நிறுத்துவார். அட்டெண்டரைக்கூட "வாங்க போங்க" என்பார், ஆனால் விடுப்பு கேட்டால் அசைய மாட்டார். மேலதிகாரி போன் செய்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். போனில் இருப்பவருக்கு இவர் நிற்பது தெரியாதே என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குத் தெரியுதுல்ல மேடம்" என்றார். நின்றுகொண்டுதான் பேசுவார், நின்றுகொண்டேதான் முடியாது என்றும் சொல்வார்.

அவர் கொண்டுவந்த பழக்கம் இது. ஹாலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் புகார்கள். யார் புகார் கொடுத்தாலும் முதலில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "ஒங்க பேரு, ஊரு, கணக்கு நம்பர் எதுவும் இல்லாம, நடந்தத மட்டும் எழுதி வெளிய ஒட்டலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். சரி என்றால் நான் எழுத வேண்டும். ஒரு தாளில் மேலே "புகார்" என்று போட்டு நாலைந்து வரி. பாதித்தாளுக்குக் கீழே "பதில்" என்று போட்டு இடம் விட வேண்டும். பதில் எழுதும்வரை அந்த இடம் காலியாகவே தொங்கும். பதில் எழுதிய பிறகும் ஒரு மாதம் தாள் அங்கேயே இருக்க வேண்டும்.

எழுதுவது சுலபமில்லை. நான் கோபத்தோடு எழுதுவேன். "அலட்சியமாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் சிவப்பு மையால் அடிப்பார். "அலட்சியம்னா என்ன மேடம்? என்ன செஞ்சாரு, அத எழுதுங்க. கோவம் வாடிக்கையாளருக்கு இருக்கலாம். தாளுக்கு இருக்கக் கூடாது." ஒரே தாளைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பார். மதியச் சாப்பாடு ஆறிப்போக, அவரைத் திட்டிக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

காட்டுமன்னார்கோயிலில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர், தன்னைக் காக்க வைத்தார்கள் என்று புகார் கொடுத்தார். ஒட்டுங்கள், ஊரே பார்க்கட்டும் என்று அவரே சொன்னார். ஒட்டினோம். கீழே பதில்: "உண்மை. காத்திருக்க வைத்தோம். அவருக்கு முன்னால் வந்தவர்கள் இருந்தார்கள்." ஹாலே சிரித்தது. "இன்னா மில்லுக்காரரே, ஒம்ம கதை செவுத்துல ஏறிடுச்சு போலருக்கே!" என்று யாரோ கேட்க, அவர், "நான் எப்ப முன்னாடி வந்தவங்க இல்லன்னு சொன்னேன்? எனக்கு வேலை ஜாஸ்தின்னுதான சொன்னேன்" என்றார். அடுத்த வாரம் வந்து வரிசையில் நின்றார். பொய்ப் புகார் வருமே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். வரட்டுமே. பதிலையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். படிக்கிறவனுக்கு மூளை இருக்கிறது.

இனி தனலட்சுமியின் விஷயத்துக்கு வருகிறேன்.

வீராணம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு ஸ்ரீமுஷ்ணம். புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. மாமியாரோடு இருந்தாள். அவளுடைய அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன் என்றபோது, அப்பா போட்டு அனுப்பிய சங்கிலியையும் வளையலையும் எங்கள் கிளையில் அடகு வைத்துக் கொடுத்தாள். மாமியாருக்குத் தெரியாது. புருஷனுக்கும் தெரியாது. அண்ணன் தேறி எழுந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்கு வேலைக்குப் போனான். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினான். அதைச் சேர்த்து வைத்து, ஒருநாள் நகையை மீட்க வந்தாள்.

நகைக்கடன் கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெடு தாண்டிப்போச்சேம்மா. நகை ஏலம் போயிடுச்சு."

"நோட்டீஸே வரலியே சார்!"

"ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பதிவுத் தபால்ல போயிருக்கு. ஒங்க அண்ணன் வூடுதான அது? அவரு வாங்கி வச்சிருப்பாரு, கேளுங்க."

இந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவருக்கு அது தெரியாது. வரிசையில் ஆள் நின்றது, வாயில் வந்ததைச் சொன்னார். தனலட்சுமி அங்கேயே, ஹாலில் நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டாள். நான் என் மேஜையிலிருந்து கேட்டேன். "ஊருக்கு வந்தப்ப நோட்டீஸ வாங்கி ஒளிச்சு வச்சிட்டியா? ஒன் முதுவ நிமுத்துறதுக்கு நான் நகைய கழட்டிக் குடுத்தேனே, அத ஏலத்துல வுட்டுட்டு நீ சாப்புடுறியா?" என்று கத்தினாள். அண்ணன் ஏதோ சொன்னான், அவள் கேட்கவில்லை. அன்றைக்கே பெரியப்பா, சித்தி, அத்தை மகன் என்று பிறந்த வீட்டுச் சொந்தம் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். அண்ணன் திருடன் என்று பிறந்தவழிச் சொந்தம் முழுக்கப் பரவியது. அண்ணன் அவள் போனை எடுப்பதை நிறுத்தினான்.

பிறகுதான் புகார் எழுதிக் கொடுக்க என்னிடம் வந்தாள். நான் கோப்பைப் பார்த்தேன். நோட்டீஸ் கவர் எங்களிடமே திரும்பி வந்து கிடந்தது. கதவு பூட்டியிருந்ததால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் குடும்பம்தான் திருப்பூரில் இருந்ததே.

தபால் ஏன் அங்கே போனது என்று கேளுங்கள். நம் பக்கத்தில் கல்யாணமான பெண்கள் எத்தனை பேர் ஆதாரில் முகவரி மாற்றுகிறார்கள்? ரேஷன் கார்டு புருஷன் வீட்டில் இருக்கும், ஆதார் தாய்வீட்டிலேயே இருக்கும். எங்கள் விண்ணப்பத்தில் தற்போதைய முகவரி என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. தனலட்சுமி அதைச் சரியாகவே நிரப்பியிருந்தாள். ஆனால் நோட்டீஸ் அடிக்கிற கணினி ஆதார் முகவரியை மட்டும்தான் எடுக்கும். சென்னையில் உட்கார்ந்து அந்தக் கணினியை அமைத்தவர்களுக்கு, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஊர் இருக்கும் என்பது தெரியவில்லை.

திரும்பி வந்த கவரை அவளிடம் காட்டினேன். கையில் வாங்கவில்லை.

"அப்ப எங்கண்ணன் வாங்கவே இல்லியா மேடம்?"

"யாருமே வாங்கலம்மா."

"அய்யோ, திருடன்னுல்ல சொல்லிட்டேன். ஊரெல்லாம் சொல்லிட்டேனே மேடம்."

அவளுக்கு அந்த நிமிடத்திலிருந்து நகை இரண்டாவதாகப் போய்விட்டது. தேவசகாயம் சார் வழக்கம்போல் கேட்டார், ஒட்டலாமா என்று. "பேரு மட்டும் வேணாம் சார். எங்க அத்தைக்குத் தெரியாது" என்றாள். அப்படியே எழுதினேன். "நகைக்கடன் ஏல நோட்டீஸ் வாடிக்கையாளர் கொடுத்த தற்போதைய முகவரிக்கு அனுப்பப்படவில்லை. வேறு முகவரிக்கு அனுப்பப்பட்டு, யாரும் வாங்காமல் திரும்பி வந்தது. அதன் பிறகும் நகை ஏலம் விடப்பட்டது." கீழே "பதில்". அதற்குக் கீழே காலி. இந்தப் பதிலை நாங்கள் எழுத முடியாது. ஏலம் வட்டார அலுவலகத்தின் வேலை.

தாள் கண்ணாடிக்குள் போன சில நாளில் கடலூரிலிருந்து போன் வந்தது. தேவசகாயம் சார் எழுந்து நின்றார். நான் எதிரில் இருந்தேன். "ஆமா சார்... இல்ல சார், பேரு போடல... வாடிக்கையாளர் ரகசியம்னா, வாடிக்கையாளரே சம்மதிச்சிருக்காங்க சார்... தனிப்பட்ட சம்பவம்னு நீங்க சொல்றீங்க, அதையே பதிலா எழுதி அனுப்புங்க சார், கீழ ஒட்டிடறேன்... இல்ல சார், எடுக்க முடியாது சார்." போனை வைத்தார். தண்ணீர் குடித்தார். "மேடம், அந்த ஃபேனை நிறுத்துங்க, அங்க யாரும் இல்ல" என்றார்.

வட்டார அலுவலகம் பதில் எழுதவில்லை. பழம் வாங்கியது.

புதிய அதிகாரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகாரைத் தீர்ப்பதற்கும் முடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முடிக்க எளிய வழி, புகார் கொடுத்தவர் வீட்டுக்குப் பழத்தட்டோடு போவது. ஆப்பிள், மாதுளை, ஒரு ஸ்வீட் பாக்ஸ். நலம் விசாரித்து, காபி குடித்து, "திருப்தி, புகாரை வாபஸ் பெறுகிறேன்" என்று முன்கூட்டியே அடித்து வைத்த தாளில் கையெழுத்து வாங்கி வருவது. புகார் கணக்கிலிருந்து போய்விடும். ஊழியர்களுக்குள் இதற்குப் பெயரே "பொண்ணு பார்க்கப் போறது". "இன்னைக்கு எந்த ஊர்ல பொண்ணு?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

வட்டார அலுவலகத்திலிருந்து குணசேகர் என்ற அதிகாரி காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, தேன் ஒழுகும் பேச்சு. பெண் வாடிக்கையாளர் என்பதால் நானும் வர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. "அவங்க வீட்டுல நகை வச்சது தெரியாது சார், போக வேணாம், அவங்கள இங்க கூப்புடுவோம்" என்று சொன்னேன். "மேடம், நாப்பது வீடு பாத்துட்டேன். பழத்தப் பாத்தா எல்லாரும் எறங்கி வந்துடுவாங்க" என்றார். வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கார் தெருவில் நின்றதும் குணசேகர் இறங்கி, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சத்தமாகக் கேட்டார்: "தனலட்சுமி வூடு இதுதானங்களா? பேங்க்குலேர்ந்து வர்றோம், நகை விசயமா!"

நாலு வீட்டுக் கதவு திறந்தது. மாமியார் வெளியே வந்தார். கெட்டிக்கார அம்மாள், பார்த்த உடனே தெரிந்தது.

"இன்னா நகை?"

"ஒங்க மருமவ வச்ச நகைதாம்மா. அது தவறுதலா ஏலம் போயிடுச்சு. ஒண்ணும் கவலப்படாதீங்க, பணம் போட்டுத் தந்துடறோம். ஒரே ஒரு கையெழுத்து போதும்."

தனலட்சுமி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் திரும்பிப் பார்த்தார். "இன்னாடி இது? எம்மவன் வெயில்ல நின்னு அனுப்புறான். நீ நகைய வச்சு யாருக்குடி குடுத்த?"

"எங்கண்ணனுக்கு ஆபரேஷன் அத்தை."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்று கேட்டார் அந்த அம்மாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. குணசேகர் இதுதான் நேரம் என்று தட்டை நீட்டினார். மாமியார் அப்போதுதான் தட்டைப் பார்த்தார்.

"நகைய ஏலம் வுட்டுட்டு ஆப்பிள் எடுத்தாந்திருக்கியா? எந்தூட்டு வழக்கம்யா இது?"

"அம்மா, நாங்க சமாதானமா..."

"எம் மருமவள நான் கேப்பேன். அடிச்சும் கேப்பேன், அழுதும் கேப்பேன். எங்கூட்டு வாசல்ல நின்னு ஊரக் கூட்டிக் கேக்க நீ யாருய்யா?"

குணசேகர் விடவில்லை. கையெழுத்துப் போட்டால் நகையின் அன்றைய விலையில் வித்தியாசத்தைக் கொடுக்க வங்கி தயார் என்றார். கையெழுத்து இல்லையென்றால் நாளாகும் என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தனலட்சுமி கதவை விட்டு முன்னால் வந்தாள். அழுத முகம், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"பணத்தக் குடுத்தா பணம் வரும் சார். எங்கண்ணன் திருடன் இல்லன்னு யாரு வந்து சொல்லுவா? நான் ஊரெல்லாம் சொன்னேன். ஒங்க கவுண்டர்ல இருந்தவரு சொல்லித்தான் சொன்னேன். நீங்க காதோட காதா தப்புன்னு சொன்னா அது எங்க பெரியப்பாவுக்குக் கேக்குமா?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மேடம், இனிமே எனக்கு மறைக்க இன்னா இருக்குது? இவுங்கதான் ஊருக்கே சொல்லிட்டாங்களே. அந்தத் தாள்ல எம் பேரப் போடுங்க."

வாடிக்கையாளர் ரகசியம், வாடிக்கையாளர் ரகசியம் என்று சொன்னது யார்? பெயரில்லாத தாளைக் கிழிக்கச் சொன்ன அதே அலுவலகம்தான் காரை அனுப்பி, தட்டைக் கொடுத்து, ஒரு பெண்ணின் குடும்ப விஷயத்தை நடுத்தெருவில் கூவ வைத்தது. அது யாருடைய ரகசியத்தைக் காக்கிற ஏற்பாடு என்று எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. திரும்பும்போது தட்டு பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தது. ஒரு ஆப்பிள் உருண்டு கீழே விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை.

மறுநாள் தனலட்சுமி மாமியாரோடு கிளைக்கு வந்தாள். தேவசகாயம் சார் ஒரு வெள்ளைத்தாளில் அவளிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டார். பெயர் போட்ட தாளை நான் எழுதினேன், அவர் ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை. கண்ணாடியைத் திறந்து அவரே ஒட்டினார். மாமியார் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் மேல ஒட்டுங்க, குள்ளமா இருக்கவங்களுக்கு மறைக்குது" என்றார். பிறகு யோசித்து, "இல்ல, கீழ ஒட்டுங்க" என்றார். ஹாலில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வட்டார அலுவலகம் எதற்குப் பயந்ததோ அதுதான் அதன் பிறகு நடந்தது. டோக்கனோடு காத்திருந்த பெண்கள் படித்தார்கள். படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்கள். "மேடம், என் ஆதாரும் எங்க அம்மா வூட்டு அட்ரஸ்தான், என் நகைக்கு நோட்டீஸ் எங்க போயிருக்கும்?" என்று ஒருத்தி. திருவதிகையில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள் அவள். "எனக்கும் இதேதான் நடந்துது, நான் எங்க நாத்தனாரச் சந்தேகப்பட்டேன்" என்று இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் இது தனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டு ஆளைச் சந்தேகப்பட்டாள். வெளியே சொல்ல வெட்கப்பட்டாள். தனிப்பட்ட சம்பவம் என்று வட்டார அலுவலகம் சொன்னது இதை நம்பித்தான். புகார்கள் ஒன்றையொன்று பார்க்காதவரை எல்லாமே தனிப்பட்ட சம்பவம்தான். நாங்கள் பட்டியல் போடவில்லை, யாரையும் தூண்டவில்லை. ஒரு தாளை ஒட்டினோம். மிச்சத்தை அவர்களே பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஏலத்துக்கு இருந்த நகைகளின் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போனது என்று கேட்கத் தொடங்கியதும் கடலூர் அலுவலகம் ஆட்டம் கண்டது. ஏலத்தை நிறுத்தினார்கள். நோட்டீஸ் திரும்பி வந்தால் போனில் பேசாமல் ஏலம் கிடையாது என்று உத்தரவு வந்தது. கடைசியாகப் பதிலும் வந்தது. அதில், "தவறு ஏற்பட்டிருக்கக்கூடும்" என்று எழுதியிருந்தார்கள். தேவசகாயம் சார் எழுந்து நின்று போன் போட்டார். "சார், ஏற்பட்டிருக்கக்கூடும்னு ஒட்ட முடியாது சார். ஏற்பட்டுதா இல்லியா சார்?" என்று கேட்டார். என் புகார்த் தாளை எப்படித் திருத்துவாரோ அப்படியே அப்போதைய வட்டார மேலாளரின் பதிலையும் திருத்தினார். நான்தான் அவரை அத்தனை நாள் திட்டியிருக்கிறேன். அன்று திட்டவில்லை.

ஒட்டிய பதில் இது: "நோட்டீஸ் தவறான முகவரிக்கு வங்கியால் அனுப்பப்பட்டது. வாடிக்கையாளரின் அண்ணனோ அவர் குடும்பத்தாரோ அதைப் பெறவில்லை. தவறு வங்கியுடையது. நகையின் இழப்பு ஈடுசெய்யப்பட்டது."

பதில் ஒட்டியதைத் தனலட்சுமி தன் மாமியாரின் போனிலிருந்து அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் எண்ணிலிருந்து பேசினால் அவன் எடுக்க மாட்டானே. அவன் திருப்பூரிலிருந்து வந்தான். முதுகு இன்னும் முழுக்க நிமிரவில்லை. கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று, உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான். தங்கையைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டான்: "மேடம், இத ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புலதான் என்னத் திருடன்னு போட்டாங்க. அதுலயே போடணும்."

"தாராளமா எடுங்க. அதுக்குத்தான் ஒட்டியிருக்கு."

கண்ணாடியில் வெளிச்சம் பட்டு எழுத்து தெரியவில்லை. தனலட்சுமி போய் முந்தானையை விரித்து வெளிச்சத்தை மறைத்தாள். அவன் எடுத்தான். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வா பாப்பா, நெழலு பத்தல" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. அவள் அழுதுகொண்டே நகர்ந்து நின்றாள்.

இந்தப் புகாரைப் பழத்தட்டால் முடித்திருந்தால் பணம் போயிருக்கும், கையெழுத்து வந்திருக்கும், அவன் இன்றைக்கும் அந்தக் குரூப்பில் திருடனாகவே இருந்திருப்பான்.

தேவசகாயம் சாருக்கு அடுத்த மாறுதலில் தூரத்து ஊர் கிடைத்தது. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் போன பிறகு கிளையைப் புதுப்பித்தார்கள். கண்ணாடிப் பெட்டி இருந்த சுவரில் பெரிய டிவி வந்தது. அதில் கடன் வாங்கிய குடும்பம் ஒன்று நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறது. என்னைக் கடலூர் வட்டார அலுவலகத்தில் புகார்ப் பிரிவிலேயே போட்டார்கள், அருகில் வைத்துக் கண்காணிக்கலாம் என்று. அங்கே எத்தனை பழத்தட்டுகள் கிளம்பின என்று பார்த்தேன். வாபஸ் கடிதம் என் மேஜைக்கு வரும்போதெல்லாம் "அதிகாரிகள் வீட்டுக்குச் சென்ற பின் வாபஸ்" என்று குறிப்பு எழுதினேன். அடிக்கச் சொன்னார்கள். எழுத்துமூலம் உத்தரவு கொடுங்கள், அடிக்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை எழுதினேன்.

இப்போது பழம்கூட வேண்டியதில்லை. புகார் கைபேசியில் போகிறது. ஒரு எண் வருகிறது. ஒரு பெண் குரல் போனில் பேசி, "சரிங்களா சார், முடிச்சிடலாமா சார்?" என்கிறது. முழுசாகப் புரியாமல் "ம்" என்றால் போதும், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வங்கி அதே வேலையைச் செய்திருக்கும். அவருக்கும் ஒரு எண் வந்திருக்கும். இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்க்காது. வங்கிக்கு மட்டும் எல்லா எண்ணும் தெரியும். நம் வங்கியை மட்டும் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு கிளை திறந்திருக்கும் நகைக்கடன் கம்பெனிகள், வண்டிக் கடன் கம்பெனிகள், போனிலேயே கடன் கொடுத்துப் போனிலேயே மிரட்டுகிறவர்கள், எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெயரை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். சம்மதம் கேட்டு ஒட்டுங்கள். சுவரில் இடமில்லை என்றால் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். எந்த ஊர்க் கிளை, என்ன புகார், என்ன பதில், வாபஸ் என்றால் எப்படி வாபஸ், எல்லாம் யாரும் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கட்டும். அடகு வைக்கும் முன்பு ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு வைக்கட்டும். ஒரு சின்னக் கிளையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து நாங்கள் இதைச் செய்தோம். அத்தனை கணினிகளை வைத்துக்கொண்டு உங்களால் முடியாதா?

தலைமை மேலாளர் அவர்களே, எனக்குப் போன் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வர வேண்டாம். முக்கியமாக, தட்டோடு வர வேண்டாம். எங்கே சொன்னீர்களோ அங்கே, அத்தனை வாடிக்கையாளர்களும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். அல்லது சிதம்பரம் கிளையில் அந்த டிவியை ஒருநாள் நிறுத்திவிட்டு, அதே சுவரில் எழுதி ஒட்டுங்கள். உங்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தாளை நானே தயாரித்துவிட்டேன். தேவசகாயம் சார் அடிக்கிற வார்த்தை ஒன்றும் இதில் இல்லை.

புகார்: நிலுவையில் ஒரு புகாரும் இல்லை என்று சிதம்பரம் வாடிக்கையாளர் கூட்டத்தில் வட்டாரத் தலைமை மேலாளர் சொன்னார். வந்த புகார்கள் எத்தனை, வாபஸ் வாங்க வைக்கப்பட்டவை எத்தனை, அவை மக்கள் பார்வைக்கு ஏன் வைக்கப்படவில்லை என்று கேட்கப்பட்டது. பதில் தரப்படவில்லை. பெயர் போடச் சம்மதம்: மல்லிகா, ஓய்வுபெற்ற அதிகாரி, திருப்பாதிரிப்புலியூர்.

பதில்: